கொழும்பு காலி வீதி வெயிலும் பழைய எம்ஜிபியும்

கேள்வி: என் 1965 எம்ஜிபி (பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) காருக்கு ஏசி கிட் ஒன்று வாங்கிப் பூட்டலாமா? காலி வீதி நெரிசலில் உட்காரவே முடியவில்லை.
- வெள்ளவத்தை வாசகர்

பதில்: தாராளமாகப் பூட்டலாம், ஆனால் கம்ப்ரசருக்கு முதல் மின்சாரத்தைப் பாருங்கள். உங்கள் காரில் மின்சாரம் தருவது பழைய பாணி டைனமோ. ஓடும்போதே சுமார் 22 அம்பியர்தான் தரும், சிக்னலில் நிற்கும்போது ஏறக்குறைய ஒன்றுமில்லை, அந்த நேரத்தில் ப்ளோவரும் ஃபேனும் கம்ப்ரசர் கிளட்சும் சேர்ந்து பேட்டரியை உறிஞ்சிவிடும். ஆகவே முதலில் டைனமோவுக்குப் பதிலாக, அதைவிடக் கூடுதல் மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர். கூடவே பழைய பாசிட்டிவ் எர்த்தை (பேட்டரியின் பாசிட்டிவ் முனை கார் உடலோடு இணைந்திருப்பது) நெகட்டிவ்வுக்கு மாற்றியே ஆகவேண்டும், இல்லாவிட்டால் ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் டயோடு கருகிவிடும். அப்புறம் ரேடியேட்டர். ஏசியின் வெப்பத்தை வெளியேற்றும் கண்டென்சர் அதற்கு முன்னால் உட்கார்ந்து சுடுகாற்றையே அனுப்பும், பம்பலப்பிட்டி நெரிசலில் எஞ்சின் வெப்பமானியின் ஊசி மெல்ல மெல்ல ஏறுவதைப் பார்ப்பீர்கள், நல்ல எலக்ட்ரிக் ஃபேன் கட்டாயம். காரின் பாடியில் மட்டும் புதுத் துளை போட விடாதீர்கள். பிறகு காரைப் பழையபடி மாற்ற நினைத்தால் உதவும், கழற்றிய டைனமோவையும் பத்திரமாக வையுங்கள்.