ஆண்டு உறுதிமொழியும் மூன்று மாதக் கணக்கும்

கேள்வி: ஆண்டுதோறும் ஜனவரியில், எடையையும் சர்க்கரையையும் குறைப்பதாக டைரியில் எழுதுகிறேன், டிசம்பரில் புரட்டினால் எதுவும் நடந்திருப்பதில்லை. இலக்கை எப்படி வகுப்பது?
– வாசகி, கும்பகோணம்

பதில்: டிசம்பர் வரை காத்திருப்பதுதான் கோளாறு. இரத்தச் சிவப்பணுக்களின் ஆயுள் சுமார் 120 நாட்கள் என்பதால், அவற்றிலுள்ள ஹீமோகுளோபினில் ஒட்டிய சர்க்கரையை அளக்கும் ஹெச்பிஏ1சி இரத்தப் பரிசோதனை ஏறத்தாழ மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவைக் காட்டுகிறது. ஆகவே உங்கள் இலக்கையும் அதே இடைவெளியில், பரிசோதனை அறிக்கையை டைரிக்குப் பக்கத்தில் வைத்துச் சரிபார்ப்பதே பொருத்தம். "எடை குறைய வேண்டும்" என்று மட்டும் எழுதினால், அன்றாடம் எதைக் கொண்டு அளப்பீர்கள்? உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குப் பரிந்துரைக்கும் வாரம் 150 நிமிட மிதமான உடற்பயிற்சியை, ஐந்து நாட்கள் மாலையில் அரை மணி நேர வேகநடை என்று எழுதிக்கொண்டால், நடந்தீர்களா இல்லையா என்பது அன்றிரவே தெரிந்துவிடும். உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்கிறது அதே நிறுவனம், ஊறுகாய், அப்பளம், வடகம் (மூன்றையும் ஒரே இலையில் வைப்பவர்கள் நாம்!) எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். எட்டாத இலக்கைக் கைவிடாமல், அளவைக் குறைத்துத் திருத்தி எழுதுங்கள். மருந்தின் அளவை மட்டும் மருத்துவரைக் கேளாமல் மாற்றாதீர்கள்.