சப்போர்ட் வேலையும் இன்டர்வியூவும்

வணக்கம் ஐயா,

சென்னையில் ஒரு சர்வீஸ் கம்பெனியில் நான்கு வருடமாக இருக்கிறேன். காப்பீட்டு கிளெய்ம் அப்ளிகேஷன். ஜாவா 8, அதன் மேல் ஸ்பிரிங் ஃபிரேம்வொர்க். வருகிற டிக்கெட்டைச் சரிசெய்வதுதான் வேலை, புதிதாக எதையும் எழுதியதில்லை. அடுத்த மாதம் ஒரு வங்கியின் மென்பொருள் பிரிவில் இன்டர்வியூ. ஹாஷ்மேப் (கீயைக் கொடுத்தால் அதற்குரிய மதிப்பைத் தரும் ஜாவா அமைப்பு) தொடங்கி மைக்ரோசர்வீஸ் வரை கேள்வி பதில்களை மனப்பாடம் செய்கிறேன். புராஜெக்ட் பற்றிக் கேட்டால்தான் பயம். டெவலப்மென்ட் பார்த்தேன் என்று சொல்லிவிடலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சொல்லாதீர்கள். மூன்றாவது கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள். கையில் இருக்கிற நல்ல சரக்கையும் நீங்களே மறைத்ததாகிவிடும்.

ஹாஷ்மேப்புக்கு ஒரு சாயங்காலம் போதும். தொடக்கக் கொள்ளளவு 16, முக்கால் பங்கு தாண்டினால் இரட்டிப்பாகும், உள்ளே இருக்கும் அறைகளில் ஒன்றில், அதாவது ஒரே பக்கெட்டில், நெரிசல் கூடினால் ஜாவா 8 முதல் அது மரமாக மாறும். வருகிறவர்கள் எல்லாரும் இதை ஒப்பிப்பார்கள்.

நான் இன்டர்வியூ எடுத்தால் டிரான்ஸாக்‌ஷனல் அனோடேஷனில்தான் (ஒரு மெத்தடின் டேட்டாபேஸ் வேலை முழுதாக நடக்க வேண்டும், இல்லையேல் எதுவும் பதிவாகக் கூடாது என்று ஸ்பிரிங்குக்குச் சொல்லும் குறிப்பு) குடைவேன். கிளெய்மைப் பதிவுசெய்யும் மெத்தடிலிருந்து செக்டு எக்ஸப்ஷன் (கையாளும்படி கம்பைலர் கட்டாயப்படுத்தும் பிழை) வெளியேறினால் ரோல்பேக் ஆகுமா, அதாவது செய்த மாற்றங்கள் ரத்தாகுமா? ஆகாது. ரன்டைம் எக்ஸப்ஷனுக்கும் எரருக்கும்தான் ஸ்பிரிங் தானாக ரோல்பேக் செய்யும்; மற்றவற்றுக்கு நாம் எழுதிச் சொல்ல வேண்டும். அதே கிளாஸில் உள்ள இன்னொரு மெத்தட் அதைக் கூப்பிட்டால்? வழக்கமான அமைப்பில் அந்த அழைப்பு, ஸ்பிரிங் முன்னால் நிறுத்தும் இடையாளான பிராக்ஸி வழியாக வராது; அனோடேஷன் இருந்தும் புது டிரான்ஸாக்‌ஷன் தொடங்காது. பாதி மட்டும் பதிவாகி நின்ற கிளெய்மை ராத்திரி ஷிஃப்டில் தேடியவருக்கு இது புத்தகப் பாடமாக இருக்காது. அப்படித் தேடியவர் நீங்கள்தானே?

அதனால் பழைய டிக்கெட்டுகளைத் திறந்து மூன்று நான்கைப் பொறுக்குங்கள். யூசர் என்ன பார்த்தார், லாகில் என்ன இருந்தது, முதலில் எதைத் தவறாகச் சந்தேகப்பட்டீர்கள், மறுபடி வராமலிருக்க என்ன செய்தீர்கள் என்று ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். கிளையன்ட் பெயரும் டேட்டாவும் மட்டும் வெளியே வரக் கூடாது.

உதாரணமாக, மாதக் கடைசியில் திரை உறைகிறது. கிளெய்ம் பட்டியலுக்கு ஒரு க்வெரி, பிறகு ஒவ்வொரு கிளெய்மின் ஆவணங்களுக்கும் தனித்தனி க்வெரி: 500 கிளெய்முக்கு 501. அவை முடியும்வரை டேட்டாபேஸ் கனெக்‌ஷன் விடுபடாது. கனெக்‌ஷன்களைச் சேர்த்து வைத்துத் தரும் ஹிகாரி பூலில் இயல்பாக இருப்பதோ 10 கனெக்‌ஷன்; மற்றவர்கள் வரிசையில் நிற்பார்கள். எல்லாவற்றையும் ஒரே க்வெரியில் எடுக்கும் ஜாயின் ஃபெட்ச் போட்டால் தீருமே என்பீர்கள். பேஜினேஷனும் சேர்ந்தால், ஜாவாவுக்காக டேட்டாபேஸோடு பேசும் ஹைபர்நேட் எல்லா வரிசைகளையும் மெமரிக்கு இழுத்து அங்கே பக்கம் பிரிக்கும். இவ்வளவு தூரம் பேசினால், எழுதியவரா திருத்தியவரா என்று யாரும் கேட்கப் போவதில்லை.

ஜாவா 8 பற்றிக் கேட்பார்கள். 2022 இறுதியில் வந்த ஸ்பிரிங் பூட் 3-க்கு குறைந்தது ஜாவா 17 கட்டாயம். ஜாவாஎக்ஸ் என்று தொடங்கும் பேக்கேஜ்கள் பல ஜகார்தா என்று பெயர் மாறிவிட்டன. வார இறுதியில் சின்ன அப்ளிகேஷன் ஒன்றை மாற்றிப் பாருங்கள். வங்கி என்பதால், ஒரே பணப் பரிமாற்றக் கோரிக்கை இரண்டு முறை வந்தால் என்ன செய்வீர்கள் என்பதையும் யோசித்து வையுங்கள்.

நோட்டீஸ் பீரியட் 90 நாள் என்றால் எச்.ஆரின் முதல் அழைப்பிலேயே சொல்லிவிடுங்கள். எல்லா ரவுண்டும் முடிந்த பிறகு அதில் வேலை நழுவினால் வயிறெரியும்.