வாசகர் கேள்வி – பதில்: பயப்படத் தெரிந்த தாதாக்கள்

கேள்வி: நட்சத்திரத்தை நம்பாமல் நடிப்பை மட்டும் நம்பி எடுத்த தமிழ் தாதா படம் ஒன்று சொல்லுங்கள். ‘நாயகன்’ என்று சொல்லித் தப்பிக்கக் கூடாது. (வாசகர், திண்டுக்கல்)

பதில்: தப்பிக்கவில்லை. ‘ஆரண்ய காண்டம்’. 2011 ஜூனில் வந்தது. தியாகராஜன் குமாரராஜாவுக்கு முதல் படம், தயாரிப்பு எஸ்.பி.பி. சரண். நான் பார்த்த காட்சியில் கால்வாசி இருக்கைகூட நிரம்பவில்லை. முன்வரிசையில் இருந்த ஒருவர் அரை மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, “இதில் யாரய்யா ஹீரோ?” என்று உரக்கவே கேட்டார். பதில் சொல்ல ஆளில்லை. இடைவேளைக்குப் பிறகு அவரைக் காணவில்லை.

அவருடைய கேள்வியில்தான் படத்தின் பலமே இருக்கிறது. கதை ஒரே நாளில் முடிகிறது. வடசென்னையின் வயதான தாதா சிங்கப்பெருமாள், அவரிடம் வேலை பார்க்கும் பசுபதி, அவர் வீட்டில் அடைபட்டுக் கிடக்கும் சுப்பு, எல்லோரும் எட்டி உதைக்கும் சப்பை, போதைப்பொருள் மூட்டை கையில் சிக்கிக்கொண்ட காளையன், அவன் மகன் கொடுக்காப்புளி. இவர்களில் ஒருவரும் ஹீரோ இல்லை. எல்லோருக்கும் பயம் இருக்கிறது. ரசிகர் காசு கொடுப்பதே தன் நாயகன் பயப்படாமல் இருப்பதைப் பார்க்கத்தான். ரவுடியின் பிழைப்போ முழுக்க முழுக்கப் பயம். இரண்டும் ஓர் உறையில் இருக்காது.

பசுபதியைப் பாருங்கள். காரில் தன் கூட்டாளிகளோடு போகிறான். அவனைத் தீர்த்துக்கட்டச் சொல்லிப் பெருமாளிடமிருந்து உத்தரவு வருகிறது. அதை அவர்கள் நடுவில் உட்கார்ந்துகொண்டே அவனும் அறிந்துகொள்கிறான். பெரிய நடிகராக இருந்தால் அங்கேயே கார் தலைகுப்புறக் கவிழ்ந்திருக்கும், நாலு பேர் பறந்திருப்பார்கள். சம்பத் ராஜ் அப்படி எதுவும் செய்வதில்லை. முகத்தை முகமாகவே வைத்துக்கொள்ளப் பாடுபடுகிறார். சமயம் கிடைத்ததும் ஓடுகிறார், உயிருக்குப் பயந்த மனிதன் எப்படி ஓடுவானோ அப்படி. அந்த ஓட்டத்துக்குப் பிறகு அவர் எடுக்கும் ஒவ்வொரு முடிவையும் நாம் நம்புகிறோம்.

சிங்கப்பெருமாளாக நடித்த ஜாக்கி ஷெராஃப் மட்டும் நட்சத்திரம் இல்லையா என்று அடுத்த வாரம் நீங்களே எழுதுவீர்கள். இந்தியில் நட்சத்திரம்தான், 1983இல் ‘ஹீரோ’ என்ற பெயரிலேயே வந்த படத்தின் நாயகன். அவரைக் கூட்டிவந்து, முதல் காட்சியிலேயே தள்ளாத வயதின் இயலாமையோடு படுக்கையில் உட்காரவைத்து, அந்த ஆத்திரத்தை ஒரு பெண்ணின் மேல் அடியாக இறக்கவைத்தார் இயக்குநர். அதற்கு ஒப்புக்கொண்டு நடித்தாரே, அந்த ஒரு காட்சிக்காகவே அவரை மன்னிக்கலாம் (எதற்கு என்று கேட்காதீர்கள்).

கேள்வி: இவ்வளவு நல்ல படம் என்றால் ஏன் ஓடவில்லை? (வாசகி, நாகர்கோவில்)

பதில்: பாட்டுக் காட்சி இல்லை, போஸ்டரில் தெரிந்த முகம் இல்லை. படம் ஓடுவதற்கு இவை வேண்டாம் என்று சொல்ல நான் சினிமா தெரியாதவன் அல்ல. தணிக்கைக் குழு 52 இடங்களில் வெட்டச் சொன்னது. படக்குழு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் வரை போய்ப் படத்தை மீட்டு வந்தது. அந்தத் தீர்ப்பாயத்தை 2021இல் கலைத்துவிட்டார்கள். இன்று ஒரு புதிய இயக்குநருக்கு இதே நிலை வந்தால் நேராக உயர் நீதிமன்றப் படியேற வேண்டியதுதான். பிறகு அறிமுக இயக்குநருக்கான தேசிய விருது, படத்தொகுப்புக்குத் தேசிய விருது எல்லாம் வந்தன. விருது வந்தபோது படம் தியேட்டரில் இல்லை. வழக்கம்போல்.

கேள்வி: காளையனாக நடித்த குரு சோமசுந்தரம் எங்கிருந்து வந்தவர்? அதற்கு முன் பார்த்ததாகவே நினைவில்லை. (கல்லூரி மாணவர், தஞ்சாவூர்)

பதில்: கூத்துப்பட்டறையிலிருந்து. ந. முத்துசாமி 1977இல் தொடங்கிய நாடகக் குழு அது. பசுபதி (நடிகரைச் சொல்கிறேன், மேலே ஓடியவரை அல்ல), கலைராணி எல்லாம் அங்கே தேறியவர்கள்தான். அங்கே உடம்பைப் பழக்குவார்கள். அது காளையனிடம் தெரியும். அடி விழுமோ என்று தோளைச் சுருக்குவான். அடுத்த கணமே, விழவில்லை என்று தெரிந்ததும், கெட்டுப்போன ஜமீனின் பெருமையைப் பேசத் தோள் தானாக விரியும். வசனத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தாலும் அவன் யார் என்று புரியும். பக்கத்திலேயே கொடுக்காப்புளி. குடிகார அப்பனுக்கு அவன்தான் அப்பன். அப்பாவைப் பிடிக்குமா என்று ஒருவர் கேட்கும்போது, அப்படியொன்றும் இல்லை, ஆனால் அவர் என் அப்பா என்ற பொருளில் ஒரு பதில் சொல்கிறான். சிறுவன் அதை இழுக்காமல், கண் கலங்காமல், விலாசம் சொல்வதுபோலச் சொல்லிவிட்டுப் போகிறான். அழவைத்திருந்தால் கெட்டிருக்கும்.

இந்த சோமசுந்தரத்தையே 2014இல் ‘ஜிகர்தண்டா’வில் ரவுடிக்கு நடிப்புச் சொல்லித்தரும் வாத்தியாராக்கினார் கார்த்திக் சுப்பராஜ். பாத்திரத் தேர்வில் இதைவிடப் பெரிய குறும்பு எனக்குத் தெரியாது.

கேள்வி: அப்படியானால் பெரிய நடிகர்கள் தாதாவாக நடிக்கவே கூடாதா? (வாசகர், அம்பத்தூர்)

பதில்: தாராளமாக நடிக்கட்டும், சுற்றியிருப்பவர்களுக்கு இடம் விட்டால் போதும். ‘புதுப்பேட்டை’யில் (2006) தனுஷுக்கு எதிரே தாதா அன்புவாக பாலா சிங் நின்றார். 1995இல் ‘அவதாரம்’ மூலம் வந்தவர், 2019இல் காலமாகிவிட்டார். நாம் இன்னும் கொஞ்சம் கொண்டாடியிருக்க வேண்டிய நடிகர். ‘வட சென்னை’யில் (2018) தனுஷ் கேரம் ஆடிக்கொண்டிருக்க, படத்தைத் தூக்கிச் சுமப்பவர்கள் அமீர், சமுத்திரக்கனி, கிஷோர், ஆண்ட்ரியா. கூடவே வளர்ந்தவர்கள் கையால் சாகும் ராஜனாக அமீர் வருவது கொஞ்ச நேரம்தான். ஆனால் மீதிக் கதை முழுக்க அந்தச் சாவைச் சுற்றியே நகர்கிறது. அதைத் தாங்கும் நடிகர் வேண்டும். நட்சத்திரமே தள்ளி நிற்கத் தயாராக இருந்தார் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

கேள்வி: எங்கள் வீட்டில் மாமியாரும் நானும் சேர்ந்துதான் படம் பார்ப்போம். ‘ஆரண்ய காண்டம்’ பார்க்கலாமா? (குடும்பத்தலைவி, ஈரோடு)

பதில்: வேண்டாம் தாயே. ‘ஏ’ சான்றிதழ். முதல் காட்சியிலேயே அவர் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார், நீங்கள் ரிமோட்டைத் தேடுவீர்கள். வசவுகளை நான் எண்ணவில்லை, எண்ணவும் முடியாது. அதை நீங்கள் தனியாகப் பாருங்கள். மாமியாரோடு பார்க்க ‘ஜிகர்தண்டா’ சரிப்படும். முதல் பாதியில் ரத்தம் உண்டு, அந்த இடங்களில் அவரிடம் காய்கறியும் அரிவாள்மணையும் கொடுத்து உட்காரவையுங்கள். இரண்டாம் பாதியில் நிமிர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். மதுரையையே நடுங்கவைத்த ‘அசால்ட்’ சேதுவைத் தியேட்டரில் ஜனங்கள் சிரிக்கும் சிரிப்பு என்ன பாடு படுத்துகிறது என்பதை பாபி சிம்ஹா நடித்திருக்கும் விதத்துக்குத் தேசிய விருது கொடுத்தார்கள். உங்கள் மாமியார் என்ன கொடுக்கிறார் என்று எழுதுங்கள்.