வாசகர் கேள்வி – பதில்: பட்டம் ஏன் சுழன்று விழுகிறது?

கேள்வி: எங்கள் சனசமூக நிலையத்தில் தரம் 4 முதல் 8 வரையான பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை பின்னேரங்களில் பட்டம் கட்டப் பழக்குகிறோம். பாதிப் பட்டங்கள் ஏறிய கையோடு சுழன்று தலைகுத்தாக விழுகின்றன. பிள்ளைகள் சோர்ந்து போகிறார்கள். என்ன செய்யலாம்?
– ஒரு தாய், உவர்மலை, திருகோணமலை

பதில்: முதலில் குறுக்குக் குச்சியைப் பாருங்கள். மூங்கில் சீவும்போது ஒரு பக்கம் தடித்துவிடும். பட்டம் அந்தப் பக்கம் சரிந்து சுழலும். கட்டுவதற்கு முன் குச்சியின் நடுவை விரலில் வைத்துப் பார்க்கப் பழக்குங்கள். தாழும் பக்கத்தைச் சீவிச் சமன் செய்ய வேண்டும். கத்தி பெரியவர் கையில் மட்டும்.

வல்வெட்டித்துறைப் பொங்கல் பட்டங்களைப் பார்த்த பிள்ளைகள் பெரிதாகக் கட்டவே கேட்பார்கள். சிறிதில் தொடங்குங்கள். நெடுங்குச்சி 80 செ.மீ., குறுக்குக் குச்சி 70 செ.மீ.; மேல் நுனியிலிருந்து 20 செ.மீ. கீழே இரண்டையும் கட்டுங்கள். குறுக்குக் குச்சியின் முதுகுப் பக்கம் நூல் இழுத்து, நடுவில் 6 செ.மீ. இடைவெளி வரும்வரை வளையுங்கள். கோதுமை மாப் பசையை மெல்லிதாகப் பூச வேண்டும்; அப்பினால் காய்கையில் ரிசுப் பேப்பர் சுருங்கி இழுக்கும், பாரமும் ஏறும். சீலைக் கீற்று வால் 4 மீற்றர்.

அடுத்தது முச்சை, அதாவது ஏற்றும் நூலைப் பட்டத்தோடு இணைக்கும் நூல். இங்கேதான் பலரும் அவசரப்படுகிறார்கள். 120 செ.மீ. நூலின் ஒரு நுனியைக் குச்சிகள் சந்திக்கும் இடத்திலும் மற்றதை நெடுங்குச்சியின் அடியிலும் கட்டுங்கள். ஏற்றும் நூலை இந்த முச்சையில் கட்டும் முடிச்சைப் பக்கவாட்டில் இழுத்தால் குறுக்குக் குச்சியின் நுனியைத் தொட வேண்டும். பட்டம் நூலைப் பலமாக இழுத்தும் ஏறாமல் ஆடினால் முடிச்சை 1 செ.மீ. மேலே நகர்த்துங்கள்; தலைக்கு மேல் வந்து முன்னால் கவிழ்ந்தால் கீழே. ஒவ்வொரு தடவையும் ஒன்றை மட்டும் மாற்றினால்தான் எது பிழை என்று பிள்ளைக்கே விளங்கும்.

கேள்வி: கடற்கரையில் ஏற்றலாமா? என்ன நூல் நல்லது?
– வாசகர், உப்புவெளி

பதில்: கச்சான் வீசும் காலத்தில் வேண்டாம். அது நம் கிழக்குக் கரையில் தரையிலிருந்து கடலுக்கு அடிக்கும் தென்மேற்குக் காற்று. நூல் அறுந்தால் பட்டம் கடலுக்குப் போகும், பிள்ளையும் பின்னால் ஓடும். அந்த மாதங்களில் கரையிலிருந்து உள்ளே தள்ளி உள்ள விளையாட்டு மைதானம்தான் சரி. கடலிலிருந்து வரும் வாடைக்காற்றில் பட்டம் கரைப்பக்கம் நிற்கும், ஆனால் பின்னால் மின்கம்பி இருக்கக் கூடாது. கம்பியில் சிக்கியதை யாரும் எடுக்கப் போகவே கூடாது. சீனக்குடா விமானத் தளத்தை அண்டி ஏற்ற வேண்டாம்.

பருத்தி நூல் போதும். தங்கூசி (நைலோன் நூல்) விரலை அறுக்கும், வீதியில் சைக்கிளில் வருபவர் கண்ணுக்கும் தெரியாது.