மவுஸ் பற்றரி இறங்க, லப்டொப் ஏன் அணைந்தது?

கேள்வி: கொக்குவிலில் ரியூசன் வகுப்பு நடத்துகிறேன். லப்டொப்பில் உபுண்டு (லினக்ஸ் வகை இயங்குதளம்). பற்றரி 10 வீதத்துக்குக் கீழே போனால் தானாக அணையும்படி ஒரு ஸ்கிரிப்ற் (சிறு நிரல்) எழுதி வைத்திருக்கிறேன். போன கிழமை கறண்ட் இருக்கும்போதே பாடத்தின் நடுவில் லப்டொப் அணைந்துவிட்டது. லப்டொப் பற்றரி நிறைந்தே இருந்தது. புளூடூத் மவுஸ்தான் சார்ஜ் இல்லாமல் கிடந்தது. வீட்டு இன்வேட்டரில் ஓடுவதையும் ஸ்கிரிப்ற் அறியுமா?

பதில்: மவுஸ்தான் காரணம். லினக்ஸ் கேர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி), மின்சாரம் சம்பந்தப்பட்ட எல்லாவற்றையும் 'சிஸ்' என்ற கோப்பகத்தில், 'கிளாஸ்' என்பதற்குள் இருக்கும் 'பவர் சப்ளை' என்ற இடத்தில் வரிசையாக வைக்கிறது. ஒவ்வொன்றுக்கும் 'டைப்' என்றொரு கோப்பு. பற்றரி, மெயின்ஸ் (சுவர் மின்சாரம்), யூஎஸ்பி, யூபிஎஸ் (கறண்ட் போனால் கைகொடுக்கும் பற்றரிப் பெட்டி), வயர்லெஸ் என்று ஏதாவது அதில் இருக்கும். சிக்கல் என்னவென்றால், லப்டொப் பற்றரிக்கும் மவுஸ் பற்றரிக்கும் அந்தக் கோப்பில் ஒரே சொல்தான். உங்கள் ஸ்கிரிப்ற் அந்தச் சொல்லை மட்டுமே பார்த்திருக்கிறது.

பக்கத்திலேயே 'ஸ்கோப்' கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். மவுஸ், கீபோர்ட் போன்றவற்றின் பற்றரிக்கு அதில் 'டிவைஸ்' என்றிருக்கும். அதாவது அந்தப் பற்றரி கணினிக்குச் சக்தி தருவதில்லை. லப்டொப்பின் சொந்தப் பற்றரிக்கோ பெரும்பாலும் அந்தக் கோப்பே இருக்காது. ஆகவே 'ஸ்கோப் சிஸ்டம் (கணினிக்கே சக்தி தருவது) என்றால் மட்டும் எடு' என்று எழுதினால் உண்மையான பற்றரியே தவறிப்போகும். 'டிவைஸ்' என்றிருந்தால் தள்ளிவிடு, மற்றதெல்லாம் எடு என்று தலைகீழாக எழுதுங்கள். 'பேற் சைபர்' (BAT0) என்ற பெயரை வைத்து அடையாளம் காணவும் வேண்டாம். லப்டொப்புக்கு லப்டொப் பெயர் மாறும்.

இன்னொரு காவலும் போடுங்கள்: 'ஸ்டேற்றஸ்' கோப்பு 'டிஸ்சார்ஜிங்' (பற்றரி இறங்குகிறது) என்று சொன்னால் மட்டுமே அணைக்க வேண்டும். இது இருந்திருந்தால் அன்று வகுப்பு குழம்பாமல் இருந்திருக்கவும் கூடும், ஆனால் மவுஸ் பற்றரியும் தேய்ந்துகொண்டுதான் இருக்கும் என்பதால் இதை மட்டும் நம்பக் கூடாது. வெளிமின்சாரம் வருகிறதா என்று 'ஒன்லைன்' கோப்பிலும் பார்க்கலாம். அப்போது மெயின்ஸை மட்டும் தேடாதீர்கள். டைப்-சி சார்ஜரில் ஓடும் லப்டொப் 'யூஎஸ்பி' வகையிலும் காட்டலாம்.

இன்வேட்டரில் ஓடுவதை ஸ்கிரிப்ற் அறியாது. அதிலிருந்து வருவதும் 230 வோல்ற்றுதான். லப்டொப்புக்கு அது சார்ஜர் செருகிய நிலை, அவ்வளவே. யூபிஎஸ்ஸும் அப்படித்தான், யூஎஸ்பி தரவுக் கேபிள் பூட்டாத வரை. பூட்டினாலும் அது மேற்சொன்ன வரிசையில் வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். 'நெட்வேர்க் யூபிஎஸ் டூல்ஸ்' போன்ற மென்பொருள் தனியாக வேண்டும். புதிதாக யூபிஎஸ் வாங்கும் யோசனை இருந்தால், பின்பக்கத்தில் யூஎஸ்பி துவாரம் இருக்கிறதா என்று கடையிலேயே திருப்பிப் பாருங்கள். மலிவானவை பலவற்றில் இருக்காது.