ரெயிட் 1 போட்டிருந்தும் ஒரு டிஸ்க் பழுதானதற்கே சேர்வர் முழுதாக உறைந்துவிட்டது. ஏன்? இப்போது என்ன செய்வது?

கேட்டவர் ஒரு கடைக்காரர். கணக்கு ஓடும் லினக்ஸ் சேர்வரில் இரண்டு டிஸ்க் போட்டு, மென்பொருள் வழியாக மிரர் செய்து வைத்திருக்கிறார். ஒன்றில் எழுதுவது மற்றதிலும் அப்படியே எழுதப்படும், இதுதான் ரெயிட் 1. ஒன்று போனாலும் மற்றது தாங்கும் என்று நம்பியிருந்தவருக்கு இந்த நிலை.

உங்கள் டிஸ்க் உடனே செத்திருந்தால் சேர்வர் நின்றிருக்காது. சாகாமல் இழுத்துக்கொண்டு கிடந்ததுதான் பிரச்சினை. யாழ்ப்பாணத்தில் கடைகள், சிறிய அலுவலகங்களின் சேர்வர்களைப் பார்ப்பதுதான் என் தொழில். மிரர் இருந்தும் சேர்வர் நின்றுவிட்டது என்று அழைப்பு வந்தால் பெரும்பாலும் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

ரெயிட் 1இல் எழுதும் எதுவும் இரண்டு டிஸ்க்கிலும் போய்ச் சேர்ந்த பிறகுதான் முடிந்ததாகக் கணக்கு. ஆகவே இரண்டில் எது மந்தமோ அதன் வேகம்தான் சேர்வரின் வேகம். வீட்டுக் கணினிக்கென்று விற்கும் டிஸ்க்குகள் வாசிக்க முடியாத செக்டர் (டேட்டா எழுதும் சிறு துண்டு) ஒன்றில் மாட்டினால் விடாமல் முயன்றுகொண்டே இருக்கும். ஒரு நிமிடம், சிலவேளை அதற்கும் மேல். லினக்ஸ் வழக்கமாக 30 செக்கன் பொறுத்துப் பார்த்துவிட்டு இணைப்பை ரீசெற் செய்யும். டிஸ்க் திரும்பி வந்து அதே செக்டரில் முட்டும். மிரரைப் பார்க்கும் பகுதிக்கோ 'பிழை' என்ற செய்தியே இன்னும் வந்து சேர்ந்திராது.

சுன்னாகத்தில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் இதை நேரே பார்த்தேன். பில் திரை அப்படியே நிற்கிறது. சீபியு சும்மா இருக்கிறது, லோட் (காத்துக்கிடக்கும் வேலைகளின் அளவு) மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. டிஸ்க்குகளின் வேலையைக் காட்டும் ஐஓஸ்டாட்டில் ஒரு டிஸ்க் 100 சதவீதத்தில் திணற, மற்றதற்கு வேலையே இல்லை. லினக்ஸின் மையப்பகுதியான கேர்னலின் பதிவில் 'ஹார்ட் ரீசெற்றிங் லிங்க்' (இணைப்பை ரீசெற் செய்கிறது) என்ற வரி திரும்பத் திரும்ப வருகிறது. ஆனால் மிரரின் நிலையைக் காட்டும் எம்டிஸ்டாட்டைத் திறந்தால், நல்ல டிஸ்க்குக்கு ஒன்றாக வரும் 'யூ' இரண்டும் அப்படியே இருக்கின்றன, இரண்டு டிஸ்க்கும் நலமாம்! கடைப் பொடியன் பொறுமையிழந்து, "அண்ணை, பட்டனை அமத்தி நிப்பாட்டிப் போடட்டோ?" என்றான். "பொறு தம்பி" என்று சொல்லிவிட்டு, மிரரை நிர்வகிக்கும் எம்டிஏடிஎம் கட்டளையில் அந்த டிஸ்க்கை நானே 'ஃபெயில்' என்று குறித்தேன். கொஞ்ச நேரத்தில் தேங்கிக் கிடந்த பில்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிரிண்டரில் வந்து விழத் தொடங்கின.

பட்டனை அமத்த விடாததற்குக் காரணம் உண்டு. பல சேர்வர்களில் லினக்ஸைத் தொடக்கிவைக்கும் குறுப் என்ற பூட்லோடர் முதல் டிஸ்க்கில் மட்டும்தான் இருக்கும். புதிய இயந்திரங்களில் அதே வேலைக்கான யூஈஎஃப்ஐ பகுதியும் பெரும்பாலும் மிரருக்கு வெளியேதான் கிடக்கும். பழுதானது அந்த டிஸ்க் என்றால், நிப்பாட்டிய சேர்வர் திரும்ப எழும்பாது. டேட்டா மற்ற டிஸ்க்கில் பத்திரமாக இருக்கும், ஆனால் பூட் ஆக வழியிருக்காது. பூட்லோடரை இரண்டிலும் போட்டு, ஒவ்வொரு டிஸ்க்கையும் தனியே வைத்து பூட் செய்து பார்த்தால்தான் எனக்கு நிம்மதி. கடைகளில் இதற்கு நேரம் பார்த்துத்தான் கேட்கவேண்டும். நல்லூர்த் திருவிழா நாட்களில் ஒருவரும் சேர்வரைத் தொட விடமாட்டார்கள்.

சரி, இப்போது உங்கள் சேர்வர். எதையும் கழற்றுவதற்கு முன் இரண்டு டிஸ்க்கின் ஸ்மார்ட் விவரங்களையும் (டிஸ்க் தானே வைத்திருக்கும் உடல்நலப் பதிவு) எடுங்கள். அதில் கெட்ட செக்டர்களைக் கணக்கிடும் 5, 197, 198 ஆகிய மூன்று வரிகளில் எண் ஏறியிருந்தால் டிஸ்க்கின் தட்டிலேயே பழுது. டேட்டா கடத்தும்போது வரும் பிழைகளைக் கணக்கிடும் 199 மட்டும் ஏறியிருந்தால் முதலில் கேபிளைச் சந்தேகியுங்கள். டிஸ்க்கை மாற்றுவது சீரியல் இலக்கத்தைப் பார்த்துத்தான். லினக்ஸ் டிஸ்க்குகளுக்கு வைக்கும் எஸ்டிஏ, எஸ்டிபி போன்ற பெயர்கள் மறுதொடக்கத்தில் இடம் மாறக்கூடும். நல்லதைக் கழற்றிவிட்டால் அதோடு எல்லாம் போச்சு. சீரியலின் கடைசி நான்கு எழுத்துகளைப் பெரிதாக எழுதி டிஸ்க்கின் முன்பக்கம் ஒட்டிவிடுங்கள்.

புது டிஸ்க் பழையதைவிட ஒரு செக்டர்கூடக் குறையக் கூடாது. நாஸ் (நெட்வேர்க்கில் இணைக்கும் சேமிப்புப் பெட்டி) அல்லது சேர்வருக்கென்று விற்பதை வாங்குங்கள். அவை பெரும்பாலும் 7 செக்கனில் முயற்சியைக் கைவிட்டுப் பிழையைச் சொல்லிவிடும். பழைய வகையைத்தான் வைத்திருக்கவேண்டுமென்றால், ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையில் எஸ்சிடிஈஆர்சி (டிஸ்க் முயன்று பார்க்கும் நேர எல்லை) அளவை 70 என்று வையுங்கள். அது செக்கனின் பத்திலொரு பங்குக் கணக்கு, அதாவது 7 செக்கன். அந்த வசதி இல்லாத டிஸ்க் என்றால் கேர்னல் பொறுத்துப் பார்க்கும் 30 செக்கனை 180 ஆக்குங்கள். அப்போதும் சேர்வர் காத்து நிற்கும், ஆனால் ஒரு கெட்ட செக்டருக்காக முழு டிஸ்க்கும் மிரரிலிருந்து கழன்றுபோகாது. இரண்டையும் ஒவ்வொரு பூட்டிலும் திரும்பப் போடவேண்டும்.

எங்கள் பக்கம் அவசரத்துக்குப் பொருத்தமான டிஸ்க் கிடைக்காமல், கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் வரும்வரை காத்திருப்பது வழக்கம். அந்த இரவு முழுவதும் உங்கள் வியாபாரம் ஒற்றை டிஸ்க்கில் நிற்கிறது. ஆகவே ஒரு உதிரி டிஸ்க்கைக் கடையிலேயே வையுங்கள். முடிந்தால் வேறு தொகுதியில் வந்ததாக இருக்கட்டும், ஒன்றாக வாங்கியவை ஒன்றாகவே தளரப் பார்க்கும். கறண்டையும் மறக்காதீர்கள். 2022இல் 13 மணி நேர மின்வெட்டைக் கண்ட நாடு இது. எழுதும் நடுவில் கறண்ட் போனால் இரண்டு பிரதிகளும் வேறுபடலாம், எது சரி என்று மிரருக்குத் தெரியாது. யூபிஎஸ் பற்றரி இறங்குமுன் சேர்வர் தானாக முறையாக நிற்க ஏற்பாடு செய்யுங்கள்.

ரீபில்ட் தொடங்குமுன் மீதமுள்ள டிஸ்க்கின் 197ஐ இன்னொருமுறை பாருங்கள். ரீபில்ட் என்பது அந்த டிஸ்க்கை முதலிலிருந்து கடைசிவரை வாசித்துப் புது டிஸ்க்கில் எழுதுவது. 4 டெராபைட்டுக்கு, செக்கனுக்கு 150 மெகாபைட் வேகத்தில்கூட ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதுவரை யாரும் தொடாத மூலையில் கிடந்த கெட்ட செக்டர் அப்போதுதான் வெளிப்படும். அதனால்தான் மாதம் ஒருமுறை முழு மிரரையும் சரிபார்க்கவேண்டும். டெபியன் என்ற லினக்ஸ் வகையில் அது தானாகவே நடக்கும். எம்டிஏடிஎம் மின்னஞ்சல் எச்சரிக்கையையும் ஒருமுறை சோதனையாக அனுப்பி, உங்கள் போனுக்கு உண்மையாகவே வருகிறதா என்று பாருங்கள்.

197 பூச்சியம் என்றால், கணக்கு டேட்டாபேஸை வெளி டிஸ்க் ஒன்றில் பிரதியெடுத்துவிட்டு ரீபில்டைத் தொடங்கலாம். பூச்சியம் இல்லையென்றால் தொடங்கவேண்டாம். டேட்டாபேஸை முதலில் வெளியே எடுத்து, அப்புறம் சேர்வரை நிறுத்தி, பழுதான டிஸ்க்கிலிருந்து முடிந்தவரை மீட்கும் டிடிரெஸ்கியூவால் அந்த டிஸ்க்கைப் புதிய ஒன்றுக்கு நகலெடுங்கள். கழற்றி வைத்த பழைய டிஸ்க்கை இப்போதைக்கு எறியாதீர்கள், நகலில் விடுபட்ட பகுதி அதில் வாசிக்கக் கிடைக்கலாம்.