பூவும் பிஞ்சும்: கேட்டதும் சொன்னதும்

கோபி: அண்ணா, பூசணி நிறையப் பூக்குது, ஒரு காய்கூட நிக்கலைங்க.

முதலில் வருவது பெரும்பாலும் ஆண் பூதான். நீளக் காம்பில் வெறும் பூ. பெண் பூவுக்கு அடியில் குட்டிப் பூசணி போலப் பிஞ்சு இருக்கும். மகரந்தம் சேராவிட்டால் அது மஞ்சளாகி விழுந்துவிடும். விடிந்ததும் ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்து, பெண் பூவின் நடுவில் தடவுங்க. வெயில் ஏறினால் பூ சுருங்கிவிடும். காலையில் மருந்து அடிக்காதீங்க. தேனீ செத்தால் அந்த வேலையும் உங்கள் தலையில்தான்.

காங்கேயம்: பீர்க்கைக்குக் காலையில் தடவியும் பிஞ்சு உதிருதுங்க.

நேரம் தப்பு. பீர்க்கை சாயங்காலம் விரியும். புடலை இருட்டின பிறகு. நூல் நூலான அந்த வெள்ளைப் பூ அந்துப்பூச்சிக்காகக் காத்திருப்பது.

பவானி: சுரையில் பிஞ்சு நிக்கல.

மேலே படிங்க. சுரையும் சாயங்காலப் பூ.

ஈரோடு: மஞ்சள் பூத்திருக்கு, விதை எடுக்கலாமா?

மும்மடியப் பயிர், அதாவது செல்லில் குரோமோசோம் தொகுதி இரண்டுக்குப் பதில் மூன்று; விதை பிடிக்காது. கிழங்கையே நடுங்க.

பொள்ளாச்சி: தென்னைக்கு எந்த மருந்து, எவ்வளவு?

என் துறை இல்லை. வட்டார வேளாண் அலுவலகத்தில் கேளுங்க.

தாராபுரம்: ஆண் பனை நாலு சும்மா நிக்குது. வெட்டிடலாமுங்களா?

சும்மாவா? நீங்கள் உறிஞ்சும் நுங்கு, விதைக்குள் கட்டும் உணவுச்சதை. பெண் பனைப் பூவில் ஆண் பனையின் மகரந்தம் சேர்ந்து கருத்தரித்த பிறகுதான் அது உருவாகும். அப்புறம், பனையை வெட்டக் கலெக்டர் அனுமதியும் வேண்டும்.

தாராபுரம்: பக்கத்துக் காட்டுக்காரர் வெட்டி அஞ்சு வருசமாச்சு, நுங்கு குறையலையே?

ஏன் குறையும்? உங்கள் நாலும் நிற்கிறதே! காற்றுக்கும் பூச்சிக்கும் வேலி தெரியாது.

பல்லடம்: ஆண் பனையில் பதநீரே வராதுன்னு எங்க அப்பாரு சொல்வாருங்க.

அப்பாரு மேல் மரியாதை உண்டு, ஆனால் இரண்டிலும் இறங்கும். பனை ஏறுகிறவரைக் கேட்டுப் பாருங்க.

தாராபுரம்: சரி, கன்றிலேயே ஆணா பெண்ணான்னு பார்த்து நடலாமா?

பாளை விடும்வரை கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. பத்துப் பதினைந்து வருசம் பொறுக்கணும்.

அவிநாசி: பாகலில் பிஞ்சு உதிருதுங்க...

காலைப் பூ. பூசணிக்குச் சொன்னதேதான். இன்னொரு தடவை எழுத மாட்டேன்.

அவிநாசி: அப்ப மருந்தைச் சாயங்காலம் அடிக்கலாமுங்களா?

பக்கத்துப் பந்தலில் என்ன கொடி?

அவிநாசி: பீர்க்கைங்க.

மேலே படிங்க அம்மணி.